டோட்டிலாஸ்: முன்னங்கால்களுக்கு விழுந்த மதிப்பெண்

டிரஸ்ஸேஜ் என்பது, ஓட்டியின் நுண்ணிய சைகைகளுக்கு இணங்கி, வகுத்த அசைவுகளைக் குதிரை செய்துகாட்டும் போட்டி. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸ்ஸேஜ் விதிநூலில் நீட்டிய டிராட் (கால்களை முழுமையாக நீட்டிப் போகும் துள்ளோட்டம்) பற்றிய பகுதி மிகச் சிறியது. ஒவ்வோர் எட்டிலும் குதிரை தன்னால் இயன்ற அளவு தரையைக் கடக்க வேண்டும் என்கிறது. அதனுடன் இரண்டு நிபந்தனைகளையும் வைக்கிறது. முன்குளம்பு எந்த இடத்தைச் சுட்டி நீள்கிறதோ, அந்த இடத்திலேயே தரையில் ஊன்ற வேண்டும். நீட்சியின் கணத்தில் முன்கால்களும் பின்கால்களும் சம அளவில் முன்னே எட்ட வேண்டும்.

இந்த இரண்டு வரிகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு, 2010 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்து லெக்சிங்டனில் எடுக்கப்பட்ட ஒரு காணொளிப் பதிவைப் பாருங்கள். உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளின் இசைச் சுற்று அது. நெதர்லாந்தின் எட்வர்ட் ஹால், டோட்டிலாஸ் என்ற கறுப்புப் பொலிகுதிரையின் மேல் அமர்ந்து அரங்குக்குள் நுழைகிறார். மூலைவிட்டத்தில் திரும்பியதும் குதிரை தன் முன்னங்காலை முழங்காலிலிருந்து உயர்த்தி, முழுவதுமாக நீட்டி, காற்றில் ஒரு கணம் நிறுத்துவதுபோல் காட்டி, பிறகு ஊன்றுகிறது. அரங்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. கறுப்புத் தோலின் மினுமினுப்பும் வளைந்த கழுத்தும் எண்ணி வைத்தாற்போன்ற தாளமும் சேர்ந்து, குதிரையைப் பற்றி எதுவும் அறியாதவரையும் நாற்காலி நுனிக்கு இழுத்து வரும். மதிப்பெண் 91.800 சதவீதம். அந்தப் போட்டியில் ஹால் பெற்ற மூன்று தங்கங்களில் அது மூன்றாவது. அணிப் போட்டியிலும், 85.708 சதவீதத்துடன் கிராண்ட் பிரி ஸ்பெஷல் என்ற தனிநபர் சுற்றிலும் அவர் ஏற்கெனவே தங்கம் வென்றிருந்தார்.

இப்போது அதே பதிவை வேறு விதமாகப் பாருங்கள். ஒரு கெட்டி அட்டையை எடுத்து, திரையில் குதிரையின் முன்பாதியை மறையுங்கள். நான் பலமுறை இப்படிப் பார்த்திருக்கிறேன். முன்கால் தெரியாதபோது எஞ்சுவது நல்ல, வலுவான, தாளம் தவறாத ஒரு பின்னங்கால். ஆனால் முன்னே நடந்துகொண்டிருந்த அந்த மாபெரும் நிகழ்ச்சியின் அளவுக்கு அது எட்டுவதில்லை. அட்டையை எடுத்துவிட்டால் அந்த எண்ணம் மறைந்து, மீண்டும் முன்கால்கள் கண்ணைப் பறித்துக்கொள்கின்றன.

டோட்டிலாஸ் பற்றிய சர்ச்சை முழுவதும் அந்த அட்டையின் இரு பக்கங்களிலும் நடக்கிறது. அந்தக் குதிரையின் அசைவு அழகில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அது என் காலத்தில் நான் கண்ட மிக அழகான அசைவுகளில் ஒன்று. மதிப்பெண் எதற்கு விழுந்தது என்பதே என் கேள்வி.

குதிரையும் அதன் காலமும்

டோட்டிலாஸ் 2000 மே மாதம் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் பிறந்தது. தந்தை கிரிபால்டி, டிராக்கேனர் இனம். தாய் லோமின்கா. நெதர்லாந்தின் கேடபிள்யூபிஎன் இனப்பதிவேட்டில் பதிவான குதிரை. 2006 முதல் எட்வர்ட் ஹால் அதை ஓட்டத் தொடங்கினார்.

அதன் எழுச்சி 2009 கோடையில் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் விண்ட்சரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், அணிப் போட்டியாகவும் அமையும் கிராண்ட் பிரி என்ற முதல் சுற்றில் 84.085 சதவீதம் பெற்று உலகச் சாதனை படைத்தது. அதே வாரம் இசைச் சுற்றில் 90ஐத் தாண்டியது. டிரஸ்ஸேஜில் அதுவரை யாரும் தாண்டாத கோடு அது. டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் 92.30. இந்த எண்களின் உயரம் புரிய ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், டிரஸ்ஸேஜில் பங்கேற்ற முதல் இந்தியரான அனுஷ் அகர்வாலா பெற்றது 66.444 சதவீதம். ஒலிம்பிக் வரை வந்த ஒருவரின் எண் அது. உலகின் மிகச் சிறந்தவர்கள் பலர் தங்கள் வாழ்நாள் முழுவதும் 80ஐச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள்.

விண்ட்சரில் பலர் மறந்துவிடும் ஒன்றும் நடந்தது. கிராண்ட் பிரி ஸ்பெஷல் தங்கம் டோட்டிலாஸுக்குக் கிடைக்கவில்லை; அதே நாட்டின் அடெலிண்ட கார்னெலிசன் ஓட்டிய பார்சிவால் அதை வென்றது. அப்படியானால் நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குதிரைக்கு எண்களை வாரி வழங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

எண் எப்படி ஏறுகிறது

டிரஸ்ஸேஜ் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட அரங்கில் நடக்கிறது. சுற்றிலும் எழுத்துக்கள் குறிக்கப்பட்டிருக்கும். நடுவர்கள் அந்த எழுத்துக்களின் அருகே அமர்வார்கள். டோட்டிலாஸ் காலத்தில் பெரிய போட்டிகளுக்கு ஐந்து நடுவர்கள். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 10 என்றால் மிகச் சிறப்பு, 8 என்றால் நன்று. நின்ற இடத்திலேயே டிராட் தாளத்தில் கால் மாற்றும் பியாஃபே, நிறுத்தி எடுத்து வைக்கும் உயர்ந்த டிராட்டான பசாஜ், ஒவ்வோர் எட்டுக்கும் கால் மாற்றும் கேன்டர் என்ற பாய்ச்சல் நடை, பிருவெட் எனப்படும் சுழற்சி என்று சோதனை நீளும். எல்லாம் முடிந்த பிறகு, அந்நாட்களில், மொத்தப் பார்வைக்கான மதிப்பெண்களும் தனியாக உண்டு: நடைகள், உந்துவிசை, பணிவு, ஓட்டியின் இருக்கை.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய டிராட் கொண்ட குதிரை நீட்டிய டிராட்டில் 9 வாங்குகிறது. அதில் தவறில்லை, கேட்டதே அதுதான். அதே குதிரை பக்கவாட்டில் குறுக்கிட்டு நகரும்போதும் அந்தப் பெரிய டிராட்டோடுதான் நகர்கிறது. அங்கும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் கூடுகிறது. பசாஜிலும் கூடுகிறது. கடைசியில் 'நடைகள்' என்ற தலைப்பில் மறுபடியும். இசைச் சுற்றில் மொத்தத்தில் பாதி கலை மதிப்பெண். அதில் 'தாளம், ஆற்றல், மீள்திறன்' என்று ஒரு தலைப்பு, அங்கும் ஒருமுறை. பிறப்பிலேயே வந்த ஒரே ஒரு குணத்துக்கு ஒரே சோதனையில் நான்கைந்து இடங்களில் கூலி கிடைக்கிறது. பணிவு, கடிவாளத்தோடு குதிரைக்கு உள்ள மென்மையான தொடர்பு, முதுகின் தளர்வு ஆகியவை பயிற்சியின் கனிகள். அவற்றுக்கு அந்த அளவு வாய்ப்பு இல்லை.

இன்னொன்று, நடுவர் எங்கே அமர்கிறார் என்பது. சி என்ற எழுத்தில், குறுகிய பக்கத்தின் நடுவே அமர்பவருக்குத் தன்னை நோக்கி வரும் குதிரையின் முன்புறம்தான் தெரியும். நெடும்பக்கத்தின் நடுவில் இ, பி எழுத்துகளில் அமர்பவர்களுக்கே பக்கத்தோற்றம் கிடைக்கும். மூலைவிட்டத்தில் பாயும் குதிரையின் முன்காலும் பின்காலும் இணையாக நகர்கின்றனவா என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். அதுவும் குதிரை அவரைக் கடக்கும் அந்தச் சில எட்டுகளுக்குள். ஆனால் எல்லாருடைய எண்களும் ஒரே எடையோடு கூட்டி வகுக்கப்படுகின்றன.

இரண்டு வாசிப்புகள்

முதல் வாசிப்பு, பழைய ஜெர்மன் பள்ளியைச் சார்ந்தவர்களுடையது. அவர்களுடைய பயிற்சி ஏணிக்கு ஆறு படிகள்: தாளம், தளர்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேர்மை, ஒடுக்கம். (இங்கே நேர்மை என்பது உடல் கோணாமல் நேராக நிற்பது.) ஒடுக்கம் என்றால் குதிரை பின்பாகத்தை மடக்கித் தாழ்த்தி எடையைப் பின்னே வாங்கிக்கொள்வது, அப்போது முன்பாகம் தானாக இலேசாகி உயரும். இந்தப் பள்ளியின் கணக்குப்படி முன்கால் உயர்வது ஒரு விளைவு. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்ற, முதுகு எழும்பி ஊஞ்சல்போல் ஆட, அந்த அலை தோள்வரை சென்று முன்காலை விடுவிக்கும்.

முதுகு இறுகிப்போனால் என்ன ஆகும்? ஜெர்மன் கால்நடை மருத்துவர் கெர்ட் ஹாய்ஷ்மன் முதுகால் நகரும் குதிரை, காலால் நகரும் குதிரை என்று பிரித்துக் காட்டினார். இறுக்கம் முன்காலையும் உயர்த்தும். சொல்லப்போனால் இன்னும் அதிகமாக, இன்னும் கண்ணைப் பறிக்கும்படி உயர்த்தும். ஆனால் அந்தக் கால் காற்றில் காட்டிய இடத்தில் ஊன்றாது. சற்றுப் பின்வாங்கியே தரையைத் தொடும். பின்கால் அடியில் வராமல் பின்னே தள்ளும். விதிநூலின் இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர உடையும் இடம் இதுதான். எழுதியவர்கள் குதிரையின் உடலை நன்கு அறிந்தவர்கள் என்று அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

இந்தத் தரப்பினர் டோட்டிலாஸை வண்டிக் குதிரையோடு ஒப்பிட்டார்கள். ஹேக்னி போன்ற வண்டிக் குதிரை இனங்கள் முழங்காலை மார்பளவு தூக்கி ஓடும்; அதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அந்தத் தொழிலில் அது குறையே அல்ல. நம் நிகண்டுகளும் குதிரையின் கதிகளை எண்ணும்போது மயூரகதி என்று ஒன்றைச் சேர்த்தன. மயிலைப்போல் நடக்கும் குதிரையைக் கண்டு மகிழாத ஊர் இல்லை. அந்த மகிழ்ச்சிக்கும் டிரஸ்ஸேஜ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதே இவர்கள் வாதம்.

இரண்டாவது வாசிப்பு ஹாலையும் அந்தக் குதிரையையும் நேசித்தவர்களுடையது. அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அவர்கள் சுட்டுவது பியாஃபேயிலிருந்து பசாஜுக்கும் பசாஜிலிருந்து பியாஃபேக்கும் டோட்டிலாஸ் மாறும் கணத்தை. அதிகப் பெருமை பெற்ற குதிரைகள்கூடத் தடுமாறும் இடம் அது. ஒரு தயக்கம், ஒரு குறுகிய எட்டு, ஒரு சமநிலைக் குலைவு ஏதாவது வரும். டோட்டிலாஸ் தாளத்தில் ஒரு மாத்திரைகூடத் தவறாமல் கடந்துபோகும். ஹாலின் இருக்கையில் அசைவே தெரியாது. முதுகு முற்றிலும் இறுகிய குதிரை இதைச் செய்யாது. அந்த மாற்றங்களுக்கு விழுந்த 10கள் அனைத்தும் தகும் என்றே நானும் நினைக்கிறேன்.

அவர்கள் நிழற்படங்களையும் நம்புவதில்லை. ஒரு விநாடியில் பல படங்கள் எடுத்து, முன்கால் உச்சத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் பொறுக்கி, அதில் கோடு இழுத்து இணை இல்லை என்று நிரூபிப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதில் அறிவியலும் அவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. டிராட் இரண்டு தாள நடை. எதிரெதிர் மூலைக் கால்கள் ஒன்றாக ஊன்ற வேண்டும் என்பது விதி. ஆனால் அதிவேகக் கேமராவால் அளந்தபோது, உயர்நிலைக் குதிரைகளில் பின்குளம்பு தன் இணையான முன்குளம்பைவிட ஒரு விநாடியின் நூறில் சில பங்கு முந்தியே தரையைத் தொடுவது தெரியவந்தது. சுவீடனில் மிக்கேல் ஹோல்ம்ஸ்ட்ரோம், பின்னர் ஹிலரி கிளேட்டன் ஆகியோரின் அளவீடுகள் இதைக் காட்டின. பின்கால் முந்தி ஊன்றினால் முன்பாகம் இலேசாகிறது. நல்ல டிராட்டின் அடையாளமாகவே இது கொள்ளப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளியைக் குறை என்று சொல்ல முடியாது. ஒரு படத்தில் கால்கள் இணையாக இல்லாவிட்டால் உடனே தாளம் கெட்டது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல.

ஆயினும் அந்த வாதம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. எப்போது ஊன்றுகிறது என்பதைத்தான் அந்த அளவீடுகள் பேசுகின்றன. எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதும், காட்டிய இடத்தில் ஊன்றுகிறதா என்பதும் வேறு கேள்விகள். ஒரே ஒரு படம் பொய் சொல்லலாம். மூலைவிட்டம் முழுவதும் எட்டுக்கு எட்டு முன்குளம்பு பின்வாங்கி ஊன்றினால், அது படம் எடுத்தவரின் சூழ்ச்சி ஆகாது. அதற்கு 8க்கு மேல் கொடுப்பது விதிநூலின் சொல்லோடு பொருந்தாது என்பது என் எண்ணம்.

கழுத்து

கால்களைப் பற்றிப் பேசிக் கழுத்தை விட்டுவிட முடியாது. அதே விதிநூல், தலையுச்சி உடலின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும் என்கிறது. டோட்டிலாஸின் படங்களில் மூக்கு அந்தக் கோட்டுக்குப் பின்னே இருப்பதைப் பலமுறை காணலாம். அந்தக் குதிரையின் தனிக் குறை அல்ல இது, காலத்தின் குறை. 1992, 2008 ஆகிய ஆண்டுகளின் உயர்நிலைப் போட்டிகளில் குதிரைகளின் தலைநிலையை ஒப்பிட்ட ஆய்வு, பின்னைய ஆண்டில் மூக்கு செங்குத்துக்குப் பின்னே போவது கூடியிருப்பதைக் காட்டியது.

டோட்டிலாஸ் 92.30 எடுத்த டிசம்பருக்கும் லெக்சிங்டனுக்கும் இடையில், 2010 பிப்ரவரியில் கூட்டமைப்பு சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு வட்டமேசைக் கூட்டம் நடத்தியது. குதிரையின் மோவாய் மார்பைத் தொடும்படி கழுத்தை மடக்கிப் பயிற்றும் ரோல்கூர் முறை அங்கே விவாதிக்கப்பட்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை ஹாய்ஷ்மன் அங்கே அளித்தார். வலுக்கட்டாயமாகக் கழுத்தை மடக்குவது ஏற்கத்தக்கதல்ல என்று கூட்டம் முடிவு செய்தது. ஆனால் வலுவின்றித் தாழ்வாக, உருண்டையாக வைத்துப் பயிற்றுவதை அனுமதித்தது. வலு எது, வலுவின்மை எது என்று களத்தில் நிற்கும் கண்காணிப்பாளர் தீர்மானிக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாத ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்ட முடிவு என்றே அதை நான் பார்க்கிறேன்.

அதே குதிரை, வேறொரு கை

2010 அக்டோபரில், லெக்சிங்டனின் வெற்றிக்களிப்பு தணியும் முன்பே, டோட்டிலாஸ் விற்கப்பட்டது. வாங்கியவர் ஜெர்மனியின் பவுல் ஷோக்கமோலே. ஆன் கத்ரின் லின்சன்ஹோஃப் பங்குதாரர் ஆனார். விலை அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை. ஒரு கோடி யூரோவைச் சுற்றிய தொகை என்று செய்திகள் எழுதின. இனி ஓட்டப்போகிறவர் லின்சன்ஹோஃபின் கணவருடைய மகன் மத்தியாஸ் ரத். நெதர்லாந்தில் அது வீட்டுப் பிள்ளையைப் பிரிந்த துக்கமாகவே இருந்தது.

ஆய்வு நோக்கில் இந்த விற்பனை ஒரு வாய்ப்பு. கால்கள் அதே கால்கள். ஓட்டி மட்டும் வேறு. 2011 ராட்டர்டாம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனி அணியாக வெள்ளி பெற்றது. ரத்துக்குத் தனிநபர் பதக்கம் எதுவும் இல்லை. லெக்சிங்டனின் உயரத்தை அந்த இணை எட்டவே இல்லை. முன்கால் உயர்வதற்கு மட்டுமே எண் விழுந்தது என்று சொல்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். முன்கால் அப்போதும் உயர்ந்தது. குறைந்தது ஹால் கொண்டுவந்த ஒருமைப்பாடு. அந்த அளவுக்கு நடுவர்களின் கண் வேலை செய்தது.

2012 லண்டன் ஒலிம்பிக் ரத்தின் நோயால் தவறியது. 2014 உலகப் போட்டி குதிரையின் காயத்தால் தவறியது. ஒவ்வொரு முறையும் ஏக்கத்தோடு காத்திருந்த கூட்டம் ஒவ்வொரு முறையும் ஏமாந்தது.

ஆஹன், 2015

2015 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஆஹனில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், டோட்டிலாஸ் மீண்டும் அரங்குக்கு வந்தது. மருத்துவப் பரிசோதனையில் தேறியிருந்தது. ஆனால் கிராண்ட் பிரி தொடங்கியதும், டிராட்டில் பின்னங்கால்கள் ஒத்து நடக்கவில்லை என்பது அரங்கில் இருந்த பலருக்குத் தெரிந்தது. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. 75.971 சதவீதம் விழுந்தது. பின்னர் எடுத்த பரிசோதனையில் இடது பின்காலின் குளம்பெலும்பில் நீர்க்கோவை இருந்தது உறுதியானது. குதிரை அந்த மாதமே போட்டி வாழ்விலிருந்து ஓய்வு பெற்றது.

என்னை இன்றும் உறுத்துவது அந்த எண். கிட்டத்தட்ட 76 சதவீதம் என்பது பல நாட்டு அணிகள் கனவு காணும் எண். ஒரு கால் வலியோடு நடந்த குதிரைக்கு அது கிடைத்தது. தெளிவான நொண்டல் தென்பட்டால் சி நடுவர் மணியடித்துக் குதிரையை வெளியேற்றலாம் என்று விதி இருக்கிறது. மணி ஒலிக்கவில்லை.

அதே சாம்பியன்ஷிப்பின் அதே அணிப் போட்டியில் இன்னொரு குதிரை வெளியேற்றப்பட்டது. எட்வர்ட் ஹால் ஓட்டிய அண்டர்கவர். வாயில் இரத்தம். விண்ட்சரில் டோட்டிலாஸை வென்ற பார்சிவாலும், ஐந்து ஆண்டுகளுக்கு முன் லெக்சிங்டனில் இதே காரணத்தால் முதல் நாளே வெளியேற்றப்பட்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரத்தம் கசிந்தது. இரத்தத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. சிவப்பு தெரிகிறது, மணி ஒலிக்கிறது. கையில் துடைத்துக் காட்ட முடிகிற ஒன்றை விதி உடனே தண்டிக்கிறது. பின்னங்காலின் ஒழுங்கின்மை ஒரு கருத்து. கருத்துக்காக, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, உலகின் மிகப் புகழ்பெற்ற குதிரையை நிறுத்த மிகுந்த துணிவு வேண்டும். அந்தத் துணிவை ஒரு தனி மனிதரிடம் எதிர்பார்க்கும்படி விதி அமைந்திருப்பதுதான் தவறு. அந்த நாளின் நடுவரை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முன்கால்களின் கவர்ச்சிக்கும் ஆஹனுக்கும் தொடர்பு உண்டா? அந்தக் காயம் அசைவின் பகட்டால் வந்தது என்று யாரும் நிறுவவில்லை, நானும் சொல்லவில்லை. என் கவலை பார்வையைப் பற்றியது. ஆறு ஆண்டுகளாக முன்பாதியைப் பார்த்தே எண் கொடுக்கப் பழகிய கண், பின்பாதி உடைந்தபோதும் முன்பாதியிலிருந்தே நகர மறுத்தது.

வலேக்ரோ

உயர்ந்த எண் வேண்டுமானால் பகட்டு வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒரு பெயர் போதும். டோட்டிலாஸின் சாதனைகளை முறியடித்தது பிரிட்டனின் வலேக்ரோ. அதுவும் நெதர்லாந்துப் பதிவேட்டின் குதிரைதான். ஷார்லட் டுஜார்டின் ஓட்ட, 2014 டிசம்பரில் அதே ஒலிம்பியா அரங்கில் கிராண்ட் பிரியில் 87.460, இசைச் சுற்றில் 94.300. வலேக்ரோவின் அசைவு பெரியதுதான். ஆனால் அது முன்காலை வீசி எறிவதில்லை. அட்டை வைத்துப் பார்த்தால் எந்தப் பாதியை மறைத்தாலும் அதே குதிரைதான் தெரியும். அதன் எண்கள் துல்லியத்தால் ஏறின: வட்டம் வட்டமாக, மாற்றம் குறித்த எழுத்தில், நிறுத்தம் நான்கு கால்களும் சதுரமாக ஊன்றி. தவறே இல்லாமல் 8, 9 என்று கோத்துக்கொண்டே போனால் 94 வரும் என்று அது காட்டியது. ஆக, மதிப்பெண் முறை பகட்டை மட்டுமே அறியும் என்ற கசப்பான முடிவும் சரியல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், விரும்பாவிட்டாலும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, பழைய பயிற்சிக் காணொளி ஒன்று வெளிவந்தது. அதில் டுஜார்டின், வேறொருவர் ஓட்டிய ஒரு குதிரையின் கால்களை நீண்ட சாட்டையால் மீண்டும் மீண்டும் அடிக்கிறார். அவர் போட்டியிலிருந்து விலகினார். கூட்டமைப்பு ஓராண்டுத் தடை விதித்தது. அந்தக் குதிரை வலேக்ரோ அல்ல. ஆனாலும், அரங்கில் தெரியும் இசைவைக் கொண்டு லாயத்தில் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை அது எனக்கு வலிக்க வலிக்கக் கற்பித்தது. வலேக்ரோவின் பதிவை இப்போதும் பார்க்கிறேன். முன்பிருந்த நிம்மதியோடு அல்ல.

எதை மாற்றலாம்

மதிப்பெண் தாளில் சில மாற்றங்கள் வந்துவிட்டன. பெரிய போட்டிகளில் நடுவர்கள் ஏழு பேர் ஆனார்கள். கடைசியில் தரும் மொத்தப் பார்வை மதிப்பெண்கள் பெரிதும் சுருக்கப்பட்டன. நடைகளுக்கு இரட்டைக் கூலி கிடைப்பது அதனால் சற்றுக் குறைந்தது. அதோடு பணிவுக்கான தனி எண்ணும் போய்விட்டது என்பது என் வருத்தம். 2025 முதல் மூக்குப் பட்டை எவ்வளவு இறுக்கம் என்று அளக்க ஒரே மாதிரியான கருவி நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரத்தத்தைப் போலவே, அளக்கக் கூடியது ஒன்று அளக்கப்படத் தொடங்கியிருக்கிறது.

நீட்டிய டிராட்டையும் அளக்கலாம். நடுவர்களின் எண்களைக் கண்காணிக்கும் குழு ஒன்று ஏற்கெனவே பெரிய போட்டிகளில் இருக்கிறது. கால் மாற்றங்களின் எண்ணிக்கை தவறாக எண்ணப்பட்டிருந்தால் காணொளி பார்த்து அது திருத்துகிறது. அந்தக் குழுவின் மேசைக்கு, மூலைவிட்டத்தின் பக்கத்தோற்றத்தைக் காட்டும் ஒரு அதிவேகக் கேமராவின் பதிவை அனுப்பினால் போதும். முன்குளம்பு காட்டிய இடத்தில் ஊன்றியதா, பின்கால் சம அளவு எட்டியதா? இரண்டு கேள்விகள். இல்லை என்றால் அந்த ஓர் அசைவின் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு. இதனால் பெரிய அசைவுள்ள குதிரை எதுவும் தோற்றுப்போகாது. பின்பாதியும் சேர்ந்து பெரிதாக அசையும் குதிரை முன்னே வரும். வளர்ப்பவர்கள் குட்டியின் முன்காலைப் பார்த்து விலை பேசுவதும் அப்போது மெல்ல மாறும். சந்தை, நடுவரின் பேனாவைத்தான் பின்தொடர்கிறது.

டோட்டிலாஸ் 2020 டிசம்பரில், இருபதாவது வயதில், வயிற்றுச் சூலையால் இறந்தது. அடுத்த கோடையில், ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக்கில், எட்வர்ட் ஹால் டோட்டல் யுஎஸ் என்ற இளம் பொலிகுதிரையை ஓட்டி வந்தார். டோட்டிலாஸின் மகன். அரங்கின் விளக்கொளியில் அந்தக் கறுப்பு உடல் மூலைவிட்டத்துக்குத் திரும்பியபோது நெஞ்சு படபடத்தது. அட்டையைத் தேடி எடுத்து, முன்பாதியை மறைத்துக்கொண்டு, பின்னங்கால்களிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.